ஊசி ஊறட்டும்

இடது கையில ரெண்டு ஊசியும் ஏறியாச்சு, டேப் ஒட்டியாச்சு, இனிமே நாலு மணி நேரத்துக்கு அந்தக் கை எனக்கில்ல, டயாலிசிஸ் மிஷினுக்கு. மிச்சமிருக்கிற ஒத்தக் கையில போன், போன்ல மைமூனக்கா பேரு வந்து வந்து போகுது. சத்தத்த அமத்திட்டேன், வெளிச்சத்த என்ன பண்றது, போர்வைக்குள்ள சொருகினாலும் துணி வழியாத் தெரியுது. எடுக்க மாட்டேன். எடுத்தா கேப்பாங்க, கேட்டா சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா பத்தாம் வகுப்புலயே வயித்து வலி டீச்சர்னு சொல்லி ஒப்பேத்திருப்பேன், நான் என்னடான்னா "கிட்னி போச்சு டீச்சர், வாரத்துல மூணு நாள் வர முடியாது"ன்னு வகுப்பு நடுவுல எந்திரிச்சுச் சொன்னேன், மொத்த வகுப்பும் என்னைய நாய்க்குட்டியப் பாக்குற மாதிரிப் பாத்துச்சு, அந்தப் பார்வை தாங்காமத்தான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். அம்மா எல்லார்கிட்டயும் உடம்பு முடியாம நின்னுட்டான்னு சொல்லும், அது பாதிதான் நெசம். சரி, அத விடு. மைமூனக்கா நேத்தே வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாங்க, நான் கேட்டும் முடிச்சிட்டேன், கேட்டுட்டேன்னு அவங்க போன்ல நீல டிக் விழுந்திருக்கும், இனிமே கேக்கலன்னும் சொல்ல முடியாது. "ஜோதி, நான் மைமூன்டி. இத்தாவுல இருக்கேன், வெளிய வரக் கூடாது, அதான் போன்ல கேக்குறேன். அந்தக் கடைசி வியாழக்கிழமை மிஷின்ல அவரு நல்லாத்தான இருந்தாரு? நீ பக்கத்துலதான இருந்த. நெஞ்சு வலிக்குதுன்னு ஏதும் சொன்னாரா? சாயந்திரம் நான் ஒரு டம்ளர் இளநி குடுத்தேன்டி. அதுனாலயாடி?" புருஷன் செத்தா அவங்கள்ல நாலு மாசத்துக்கு மேல பொம்பள வீட்டுக்குள்ளயே இருக்கணும், ஒரே சுவரு, ஒரே ஃபேனு, ஒரே நினைப்பு, அந்த நினைப்பு ஒரு டம்ளர் இளநி. பக்கத்துலதான இருந்த. ஆமா, நான் பக்கத்துலதான் இருந்தேன். நாற்காலிதான் காலியா இருந்துச்சு. அந்த வியாழக்கிழமை தாவூது பாய், மைமூனக்கா வீட்டுக்காரர், இங்க வரவே இல்ல. வரலங்கிறது இங்க எல்லாருக்கும் தெரியும், ஸ்டெல்லா சிஸ்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். வந்தாருன்னு மைமூனக்கா நம்பிக்கிட்டு இருக்காங்கங்கிறதுதான் எனக்கு மட்டும் தெரியும்.

இப்ப அந்த நாற்காலியில புதுசா ஒருத்தர் வந்துட்டார், ரிட்டயர்டு தாசில்தாராம், வந்ததும் கண்ண மூடி வாயத் தொறந்து தூங்கிடுறார், குறட்டை வேற. பாய்னா இந்நேரம் ஆரம்பிச்சிருப்பார், என்னைய டாக்டரம்மான்னுதான் கிண்டலாக் கூப்பிடுவார். "டாக்டரம்மா, இன்னைக்கு எத்தன கிலோ தண்ணி?" "ரெண்டே முக்கா." "நான் மூணரை. இதுலயும் நான்தான் ஃபர்ஸ்ட்டு." மூத்திரம் வராத எங்களுக்குக் குடிச்ச தண்ணியெல்லாம் உடம்புலயே நிக்கும், அத எடை போட்டுப் பாத்துத்தான் மிஷின்ல எடுப்பாங்க, அதுலயும் ஒரு ஆளு போட்டி போடுவானான்னு நான் திட்டுவேன், அவரு சிரிப்பார். தாவூது பாய் பரோட்டா மாஸ்டர். ஊருக்கே உப்பும் எண்ணெயுமா போட்டுட்டு அவரு வீட்டுல உப்பில்லாத கஞ்சி. மிஷின் ஊசி ஏத்துறதுக்காகக் கையில ஆபரேஷன் பண்ணி நரம்ப ஒட்டி வச்சப்புறம் அந்தக் கையால இனிமே மாவு அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க, அன்னைக்கு ஒரு நாள்தான் பாய் வாயத் தொறக்காம இருந்தாராம், மைமூனக்கா சொன்னாங்க. மத்த நாளெல்லாம் பேச்சுதான், ஊசி குத்துற நேரத்துல பேச்சு, ஊசி உருவுற நேரத்துல பேச்சு, காலு இழுத்துக்கிட்டு வலியில துடிக்கிறப்பகூட "சிஸ்டர், இந்தக் காலு என்னுது இல்ல, மாத்திக் குடுத்துட்டீங்க"ம்பார். மிஷின் ஓட ஆரம்பிச்ச முதல் ஒரு மணி நேரம் எங்களுக்குத் திருவிழா. வெளியில தொடக் கூடாத ஆரஞ்சு, சாக்லேட்டு, தக்காளித் தொக்கு எல்லாம் அப்பத்தான் வெளிய வரும், தின்னுக்கோ தின்னுக்கோ, மிஷின் அலசிட்டுப் போயிரும், சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவாங்க. பாய் ஆரஞ்ச உரிச்சுச் சுளைய எனக்கு நீட்டுவார், ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கைதான், அவரு வலது கை, என் வலது கை, நடுவுல ஒரு முழம் இடைவெளி, சுளை கீழ விழுகாம கை மாத்துறதே ஒரு வித்தை. தாசில்தார் ஏதும் கொண்டு வர்றதில்ல. நானும் இப்பக் கொண்டு வர்றதில்ல. அலசிட்டுப் போயிரும். இந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு எல்லாத்துக்கும். காலையில பிரஷர் மாத்திரை போட்டுட்டு வராதீங்க, அலசிட்டுப் போயிரும். வைட்டமின் மாத்திரைய முடிஞ்சப்புறம் போடுங்க, இல்லன்னா அலசிட்டுப் போயிரும். வந்த நாள்ல இருந்து இதக் கேட்டுக் கேட்டு ஒரு மனுசனுக்கு என்ன தோணும்? பாய்க்குத் தோணுனதுதான் தோணும். அவரு முட்டாள் இல்ல. இதத்தான் நான் மைமூனக்காட்ட சொல்லத் தெரியாமக் கெடக்குறேன், அவரு பண்ணுனது முட்டாள்தனம், ஆனா அவரு முட்டாள் இல்ல. காலு லேசா இழுக்குது. வெரல மடக்கி நீட்டு. மடக்கி நீட்டு. போன் மறுபடி வெளிச்சம் அடிக்குது.

அந்தக் கடைசி ரூமப் பாக்கக் கூடாதுன்னு நினைச்சா கண்ணு அங்கதான் போகுது. கண்ணாடிக் கதவு, உள்ள ஒரு மிஷின், ஒரு நாற்காலி, அவ்வளவுதான். மஞ்சக் காமாலையில பி-ன்னு ஒரு வகை இருக்கு, ரத்தம் வழியா ஒட்டும், எங்க எல்லாருக்கும் ரத்தம்தான வெளிய வந்து உள்ள போகுது, அது வந்தவங்களுக்குத் தனி மிஷின், தனி ரூம். போன வருசம் மில்லு வேலைக்குப் போற ஒரு அண்ணனுக்கு வந்துருச்சு, நேத்து வரைக்கும் எங்க வரிசையில இருந்தவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு, வாய அசைக்கிறது தெரியும், என்ன சொல்றார்னு கேக்காது. பாய் அன்னைக்குப் பூரா அந்தக் கதவையே பாத்தார். "எனக்கு அது வந்துச்சுன்னா நோயில சாக மாட்டேன் பாப்பா, பேச ஆளில்லாமச் செத்துருவேன்." அது வராம இருக்கத்தான் தடுப்பூசி. எங்களுக்கு மத்தவங்களுக்குப் போடுறதுல ரெண்டு மடங்கு மருந்து, கொஞ்சம் கொஞ்சம் மாசம் விட்டு நாலு தடவ, அப்புறம் பிடிச்சிருக்கான்னு ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, பத்துக்கு மேல வந்தா பாஸ். பாய்க்கு நாலு. எனக்கு ரெண்டு. "உன்னவிட நான் டபுளு"ன்னு நாற்காலியே ஆடுற மாதிரிச் சிரிச்சார், "படிச்ச பிள்ள ரெண்டு மார்க்கு, பரோட்டா மாஸ்டர் நாலு மார்க்கு, எழுதிப் போடுங்க சிஸ்டர் போர்டுல." சிரிச்சு முடிச்சதும் அந்தக் கடைசி ரூம ஒரு தடவ பாத்துக்கிட்டார். டாக்டரக்கா வந்து சொன்னாங்க, மறுபடி முதல்ல இருந்து போடுவோம், வெளியில நூறு பேருக்குப் போட்டா தொண்ணூறு பேருக்கு மேல பிடிக்கும், உங்களுக்குப் பாதி, கூடிப் போனா முக்காவாசிப் பேருக்குத்தான் பிடிக்கும், பிடிச்சாலும் சீக்கிரம் எறங்கிரும், அதுக்காகப் போடாம விடக் கூடாது, இருக்கிறதுல அதுதான் நல்ல வழின்னாங்க. ஏன் பிடிக்கலன்னு கேட்டேன். அவங்க படை, சிப்பாய், சண்டைன்னு ஏதோ ஆரம்பிச்சாங்க, எனக்கு அது மண்டையில ஏறல. நானா ஒண்ணு யோசிச்சேன். ஊசின்னா டீச்சரு, இதுதான்டா திருடன், மூஞ்சியப் பாத்து வச்சுக்கோன்னு பாடம் நடத்துது, எங்க உடம்பு கடைசி பெஞ்சுல ராத்திரி தூங்காம வந்து உக்காந்திருக்கிற பிள்ள, உப்பும் அழுக்குமா ரத்தம் கெட்டுப்போய்க் கண்ணு சொருகுது, டீச்சர் கத்திக் கத்திச் சொன்னாலும் பாதிதான் கேக்குது, அதான் ரெண்டு மடங்கு கத்துறாங்க. அந்தப் பிள்ள நான்தான், எனக்குத் தெரியும் அந்தத் தூக்கம். பாய்ட்ட இதச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கல. "அதெல்லாம் இல்ல பாப்பா. ஒரு துக்கடா மாத்திரையவே அலசுற மிஷினு ஊசிய விட்டு வைக்குமா?" "ஊசி சதையில போடுறது பாய், ரத்தத்துல இல்ல." "சதை என்ன தனி ஊருலயா இருக்கு?" நான் சிரிச்சிட்டேன், என்ன பண்றது, சிரிப்பு வந்துச்சு. "மாவு பெசஞ்சா ஊற வைக்கணும். ஊற விடாம தட்டுனா கிழியும். நாம என்ன பண்றோம், ஊசியப் போட்டுட்டு ஒரு நா விட்டு மறுநா மிஷின்ல போட்டு அலசுறோம், அப்புறம் ஏன் நாலு மார்க்குன்னா?" "டாக்டரக்காட்ட கேளுங்க." "கேட்டா வேணாம்பாங்க. வேணாம்னு சொன்னப்புறம் செஞ்சா தப்பாயிரும்ல?" அது அவரோட எப்பவும் பேசுற பேச்சு, நாளுக்கு ஒரு ஐடியா, மிஷின் தண்ணிய வச்சு மாடித் தோட்டம் போடலாம்பார், டயாலிசிஸ் பஸ்ஸு விடலாம்பார், இதையும் அதுல ஒண்ணுன்னு விட்டுட்டேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மிஷின் முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் ஊசி போட்டாங்க, அவருக்கும் வலது தோள்ல, எனக்கும் வலது தோள்ல. பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போனார், சட்டையக்கூட அந்தப் பக்கம் உரசாம மாட்டுனார். வியாழக்கிழமை நாற்காலி காலி. சிஸ்டர் போன் போட்டாங்க, காய்ச்சல்னு சொல்லிட்டார். அப்புறம் எனக்குப் போன். "டாக்டரம்மா, இன்னைக்கு நான் லீவு. ஊசி ஊறட்டும்." "லூசா பாய் நீங்க? சனிக்கிழமை வரைக்கும் எப்படித் தாங்குவீங்க?" "ரெண்டே நாளு. தண்ணியத் தொடாம இருந்துக்குவேன். மைமூன்ட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதான் கெளம்பி வந்திருக்கேன், நீ எதையும் ஒளறிராத, தெரிஞ்சா என்னையக் கொத்துப் பரோட்டா போட்டுருவா." வச்சிட்டார். அவ்வளவுதான். அவரு கடைசியா என்கிட்ட சொன்னது கொத்துப் பரோட்டா. நாலு மணி நேரம் எங்கயோ இருந்துட்டு, வழக்கமா வீட்டுக்குப் போற நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருக்கார், வழக்கமா வர்ற மாதிரி அசதியா வந்திருப்பார், அதுக்கு நடிக்கவே வேண்டியதில்ல, எங்களுக்கு எப்பவும் அசதிதான். மிஷின் நாள்னா சாயந்திரம் ஒரு டம்ளர் இளநி, அது அவங்க வீட்டு வழக்கம், டாக்டருக்குத் தெரியாது, மிஷின் இப்பத்தான அலசியிருக்கு, ஒரு டம்ளர் என்ன பண்ணிரும், வாரம் பூரா நாக்கு காஞ்ச மனுசன் குடிக்கட்டுமேன்னு மைமூனக்கா வெட்டி ஊத்தி வச்சிருப்பாங்க. இந்த இடத்துலதான் நான் மாட்டிக்கிறேன். தெனமும் இந்த இடத்துலதான். அந்த டம்ளர அவரு எப்படிப் பாத்திருப்பார். அவருக்குத் தெரியும். மிஷினுக்குப் போகாம இளநி குடிச்சா நெஞ்சு நிக்கும்னு எங்க எல்லாருக்கும் தெரியும், வந்த அன்னைக்கே முதல்ல சொல்ற பாடம் அதுதான், அதுல இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துலயே நின்னுரும், எங்களுக்கு இளநின்னா வெசம். வேணாம்னு சொல்லிருக்கலாம். சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா மாட்டிக்குவார். ஒரு டம்ளர்தானன்னு நினைச்சிருப்பார். இல்ல, நாக்கு காஞ்சு போயிருந்திருக்கும், அவரு நினைச்சே இருக்க மாட்டார். விடியிறதுக்குள்ள போயிட்டார். அவரு தம்பி ஊசிதான் கொன்னுருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாராம், அதக் கேட்டு எங்க வரிசையிலயே ரெண்டு பேரு எங்களுக்கு ஊசி வேணாம்னுட்டாங்க. மைமூனக்கா இளநின்னு சொல்றாங்க. எனக்குத் தெரியும் ரெண்டும் இல்லன்னு. இல்ல, இளநியும்தான். இதுதான் கொடுமை. நான் உண்மையச் சொன்னா மைமூனக்காவ விடுதலையும் பண்ண முடியாது, முழுசாப் பிடிச்சு வைக்கவும் முடியாது. உங்க புருஷன் உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வந்து நீங்க குடுத்த டம்ளர வாங்கிக் குடிச்சாரு, இதச் சொல்றதுக்கு ஒரு வாய் வேணும். சொல்லாம விட்டா அந்தம்மா சாகுற வரைக்கும் தென்னை மரத்தப் பாக்க மாட்டாங்க. ஒளறிராதன்னு சொன்ன ஆளு செத்துட்டாரு. செத்தவங்களுக்குக் குடுத்த வாக்க யாருகிட்டக் கேட்டு மீறுறது. மாசம் ஒண்ணாச்சு, இன்னைக்கு மறுபடி செவ்வாய்க்கிழமை, எனக்கு அடுத்த ஊசி. நெசத்தச் சொல்லணும்னா காலையில பஸ்ஸுல வரும்போது எனக்கும் தோணுச்சு, வியாழக்கிழமை ஒரு நா லீவு போட்டா என்ன, ஒருவேள பாய் சொன்னது சரியா இருந்தா. பிடிக்காம நானும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி போயிட்டா. அறிவுக்குத் தெரியுது, பயத்துக்குத் தெரியல. வெளிய வராண்டாவுல அம்மா தூக்குவாளி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், நீ வர வேணாம், நானே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு நானும் எங்கயோ போய் உக்காந்தா அம்மாவும் எனக்கு ஏதாச்சும் ஒண்ண ஆசையாத் தரும். நானும் வாங்கிக் குடிப்பேன். காலு இப்ப நல்லா இழுக்குது, கெண்டைச் சதை கல்லு மாதிரி. சிஸ்டர்னு கூப்பிட்டேன். வந்து அழுத்திவிட்டாங்க. "என்னடி அழுற, அவ்வளவு வலியா?" ஆமா சிஸ்டர்னேன். பொய் சொல்ல வராதுன்னேன்ல, வந்துருச்சு.

மைமூனக்காவுக்கு நானே போன் போட்டேன். ஒரு ரிங் முழுசா போகல, எடுத்துட்டாங்க. "ஜோதியா? மிஷின்லயா இருக்க? முடிஞ்சப்புறம் பேசுவமா?" "இல்லக்கா, இப்பவே பேசுறேன். அப்புறம்னா பேச மாட்டேன்." "சொல்லுடி." "அக்கா, அந்த வியாழக்கிழமை பாய் இங்க வரல." "வரலன்னா?" வரலன்னா வரலன்னுதான அர்த்தம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், ஊசி, நாலு மார்க்கு, அந்த ரூமு, அலசிட்டுப் போயிரும், மாவு ஊறணும், போன் பண்ணுனது, ஒளறிராதன்னது, ஒண்ணு விடாம. அழகாச் சொல்லத் தெரியல, மாத்தி மாத்திச் சொன்னேன். "ஊசிய மிஷின் அலசாதுக்கா. பாய் போனப்புறம் டாக்டரக்காட்ட நான் கேட்டுட்டேன். வந்திருந்தாலும் ஊசி அங்கயேதான் இருந்திருக்கும்." "அப்ப இளநி?" இதுக்குத்தான் பயந்தேன். "இளநியும்தான்க்கா. ஆனா மிஷினுக்கு வந்திருந்தா ஒருவேள தாங்கியிருக்கும். வரலன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டீங்க." "சத்தியமாக் குடுத்திருக்க மாட்டேன்டி. ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. வேணாம் மைமூன்னு ஒரு வார்த்த. நான் என்ன அடிச்சா போடப் போறேன் அந்த மனுசன." அழுவாங்கன்னு நினைச்சேன், அழல. அப்புறம் கேட்டாங்க, "அந்த நாலு மணி நேரமும் எங்கடி இருந்தாரு?" "தெரியலக்கா." "நீ கேக்கலயா?" "கேக்கல." ஏன் கேக்கல. எனக்கு அது தோணவே இல்ல. பஸ் ஸ்டாண்டா, பள்ளிவாசலா, ஏதாச்சும் மரத்தடியா. பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சுன்னு இப்ப யோசிக்கிறேன், யோசிக்க யோசிக்க ஒண்ணுமே கேக்கல. "தெரிஞ்ச கடைக்கும் போயிருக்க முடியாது. போயிருந்தா யாராச்சும் எனக்குச் சொல்லிருப்பாங்க. தெரியாத எடத்துலதான் இருந்திருக்கணும்"னு அவங்களே சொல்லிக்கிறாங்க, எனக்குச் சொல்லல. "அந்த மனுசன் ஒரு நாளும் தனியா இருந்ததில்லடி. தெருமுக்குல டீ குடிக்கப் போறதுன்னாகூட ஒரு ஆளக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் போவாரு." அந்தக் கண்ணாடிக் கதவப் பாத்தேன், பாக்காம இருக்க முடியல. சிஸ்டர் டிரேய எடுத்துக்கிட்டு வந்து, "நாகஜோதி, முடிஞ்சதும் கெளம்பிராத, இன்னைக்கு உனக்குத் தடுப்பூசி"ன்னாங்க. போன் வழியா அது அங்கயும் கேட்டிருக்கு. "போட்டுக்க"ன்னாங்க மைமூனக்கா. "போட்டுக்கடி. போட்டுட்டு வியாழக்கிழமை அங்க போயிரு." "போயிருவேன்க்கா." "போய் உக்காந்ததும் எனக்கு ஒரு போன் போடு." "போட்டு என்ன சொல்ல?" "ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா போன அங்கன வையி. மிஷின் ஓடுற சத்தம் கேக்கணும் எனக்கு."